ஐப்பசியில் ஒரு பகல்

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே, துறையூரைத் தாண்டி இருக்கிற உப்பிலியபுரத்திலிருந்து வந்திருக்கிறேன். அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். காடு, தோட்டம், மாடு, இதுதான் எங்கள் பிழைப்பு.

எங்கள் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வெளியே கிளம்புவது எதற்கென்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். எழவுக்குப் போவோம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போவோம். ஆஸ்பத்திரிக்குப் போவோம். போன இடத்தில் அவர் பந்தலில் உட்காருவார், நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது யார் வந்தார்கள், யார் வரவில்லை என்ற பேச்சோடு வழி முடிந்துவிடும். முப்பது நாற்பது வருஷம் ஒரே கூரையின் கீழே இருந்தும், இரண்டு பேர் மட்டுமாக ஒரு பகல் முழுக்க இருந்ததே இல்லை என்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பாசம் இல்லாமல் இல்லை. அவருக்குச் சுரம் என்றால் இவள் தூங்கமாட்டாள். ஆனால் சேர்ந்து உட்கார நேரம் கிடைத்ததில்லை. அவர்களை மனசில் வைத்துத்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

எங்கள் கல்யாணம் ஐப்பசியில் நடந்தது. புரட்டாசியில் எங்கள் பக்கம் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அந்த மாதம் கழிந்ததும் வருகிற முகூர்த்தங்களுக்குப் பெரிய அடிபிடி. எங்களுக்குக் கிடைத்தது தீபாவளி கழிந்து வந்த முகூர்த்தம். நல்ல மழை. பந்தல் ஒழுகி, மணவறையில் குடை பிடித்தார்கள் என்று என் நாத்தனார் இன்றைக்கும் சொல்வார். இங்கிலீஷ் தேதி எங்கள் இரண்டு பேருக்கும் நினைவில் இல்லை. 2009-இல் கல்யாணப் பதிவைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. அதற்கு முன்னால் கட்டிக்கொண்ட எங்களைப் போன்றவர்களுக்கு அரசாங்கக் காகிதம் ஏது? மொய் நோட்டுதான் சாட்சி. பரணில் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி, அதன் கீழே வருஷம், மாதம், கிழமை, நட்சத்திரம். அடுத்த பக்கத்திலிருந்து ஐந்து ரூபாயும் பத்து ரூபாயுமாகப் பெயர்கள். பாதிப் பேர் இன்றைக்கு உயிரோடு இல்லை. தாய்மாமன் வரிசையில் 'பித்தளைக் குடம் 1' என்று எழுதியிருக்கும். அந்தக் குடத்தில்தான் இன்னும் எங்கள் வீட்டுக் குடிதண்ணீர் இருக்கிறது.

ஐப்பசி எங்களுக்கு வசதியான மாதமும்கூட. நடவு முடிந்திருக்கும். மழை பிடித்துக்கொண்டால் காட்டில் கால் வைக்க முடியாது. வேலை தானாகவே நிற்கும். அப்படி ஒரு மழை நாளில்தான் எங்கள் வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "எங்கேயாவது போயிட்டு வருவமா?" என்று கேட்டார். யார் வீட்டுக்கு என்று கேட்டேன். "யார் வீட்டுக்கும் இல்ல, சும்மா" என்றார். அதற்குப் பிறகு ஐப்பசி வந்தால் கல்யாண நாள் என்று ஒரு நாள் கிளம்பிவிடுவோம். விடிகாலையில் பால் கறந்து ஊற்றிவிட்டுப் போய், சாயங்காலக் கறவைக்குள் திரும்பிவிட வேண்டும். அந்தக் கணக்குக்குள் எந்த ஊர் வருமோ அந்த ஊர்.

துறையூர் வரைக்கும் டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இது என்னைப் போன்ற பெண்களுக்குச் செய்த காரியத்தை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். முன்பெல்லாம் வெளியே போகலாமா என்றால், இரண்டு பேருக்குப் போக வர எவ்வளவு ஆகும் என்பதில்தான் பேச்சு தொடங்கும், பல நாள் அதிலேயே முடிந்தும் போகும். இப்போது அந்தப் பேச்சில் பாதி போய்விட்டது. துறையூரில் இறங்கித் திருச்சி பஸ் பிடித்தால் புலிவலம், திருவெள்ளறை, மண்ணச்சநல்லூர், டோல்கேட், கொள்ளிடம், காவிரி, சத்திரம் பஸ் நிலையம். இந்த ஒரே ரோட்டில் ஒரு ஆயுளுக்குப் போய்ப் பார்க்கிற இடங்கள் இருக்கின்றன.

திருவெள்ளறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்துக்குப் போகிற அவசரத்தில் நம்மில் பலர் அதைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறோம். நூற்றெட்டு திவ்யதேசங்களில் ஒன்று. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். வெள்ளைப் பாறை மேல் கட்டிய கோயில். முன்னால் நிற்கிற கோபுரம் முடிக்கப்படாமல் மொட்டையாகவே நிற்கிறது. உள்ளே பெருமாளைப் பார்க்க இரண்டு வாசல் உண்டு. தை முதல் ஆனி வரைக்கும் உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரைக்கும் தட்சிணாயன வாசல். நாங்கள் போவது ஐப்பசியில் என்பதால் தட்சிணாயன வாசல்தான் எங்களுக்குப் பழக்கம். இன்னொரு வாசலைச் சாத்திய கதவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கோயிலில் ஒரு முறை இருக்கிறது. உற்சவத்தில் தாயார் பல்லக்கு முன்னே போகும், பெருமாள் பின்னால் வருவார். செண்பகவல்லி, பங்கயச்செல்வி என்று வழங்குகிற அந்தத் தாயார் தவம் இருந்து இந்த முதல் உரிமையைப் பெற்றாள் என்பது தலபுராணம். இதை முதல்முறை கேட்டபோது என் மனசில் என் அம்மா வந்தாள். அவள் என் அப்பாவுக்குப் பத்தடி பின்னால் நடந்தே வாழ்ந்தவள். சந்தைக்கானாலும் சரி, கோயிலுக்கானாலும் சரி, அவர் திரும்பிப் பார்த்து இவள் வருகிறாளா என்று கவனித்ததாக எனக்கு நினைவே இல்லை. அவரும் கெட்டவர் இல்லை. அன்றைக்கு நடை அப்படி. அந்தச் சன்னதியில் நின்றபோது எங்கள் வீட்டுக்காரரிடம், "இனிமே கல்யாண நாளைக்கு எங்க போறதுன்னு நான் சொல்றேன்" என்றேன். "சரி, நீ முன்னால போ" என்றார். அன்றிலிருந்து வழி சொல்வது நான்தான்.

கோயிலுக்கு வெளியே ஸ்வஸ்திக வடிவத்தில் ஒரு கிணறு இருக்கிறது. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் என்பவர் எடுப்பித்தது. வயசு சுமார் 1200 வருஷம். நாலு பக்கமும் படி இறங்குகிறது, ஒவ்வொரு படித்துறையும் ஒடிந்து திரும்புகிறது. அதனால் ஒரு துறையில் குளிப்பவரை மற்றத் துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. ஊரில் அதற்கு மாமியார் மருமகள் கிணறு என்று பெயர். நான் ஒரு படியில் இறங்கினேன், அவர் எதிர்ப் படியில் இறங்கினார். ஆள் தெரியவில்லை, பேச்சு மட்டும் கேட்டது. "என்னங்க, அங்க இருக்கீங்களா?" என்றேன். "இங்கதான் இருக்கேன்" என்று கல்லில் பட்டுக் குரல் வந்தது. பேரன் பேத்தி எடுத்த வயசில் இப்படி ஒரு விளையாட்டு விளையாடுவோம் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெகுநேரம் அங்கேயே இருந்தோம்.

ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். எங்களுக்குக் கல்யாணமான புதுசில் தெற்கு ராஜகோபுரம் சாரம் கட்டி நின்றது. நூற்றாண்டுக் கணக்கில் மொட்டைக் கோபுரமாக நின்றதை அகோபில மடத்தின் 44-ஆவது ஜீயர் எடுத்துக் கட்டினார். 13 நிலை, 236 அடி. 1987 மார்ச்சில் கும்பாபிஷேகம். மாமியார், நாத்தனார் என்று ஒரு கூட்டத்தோடு வந்து, மூங்கில் சாரத்துக்குள் அதைப் பார்த்தேன். அன்றைக்கு இவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கக் கூச்சம். இப்போது அதே கோபுரத்தடியில் காபி குடித்துக்கொண்டு முழங்கால் வலியைப் பற்றிப் பேசுகிறோம்.

ஐப்பசியில் ஸ்ரீரங்கத்துக்கென்று ஒரு சிறப்பு உண்டு. மற்ற மாதங்களில் பெருமாளுக்குத் திருமஞ்சனத் தீர்த்தம் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் வரும். துலா மாதமான ஐப்பசி முழுக்க அது காவிரியில் அம்மா மண்டபத்திலிருந்து தங்கக் குடத்தில், யானை மேல் வரும். காலையிலேயே நடந்துவிடுகிற காரியம். ஒரு வருஷம் பஸ் தாமதமாகித் தவறவிட்டோம். அடுத்த வருஷம் இருட்டோடு இருட்டாகக் கிளம்பிப் பார்த்தோம். மழை பெய்து கழுவிய தெரு, மேளம், யானையின் முதுகில் குடம். வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு யானை போகிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்.

ஸ்ரீரங்கம் தாயார் படிதாண்டாப் பத்தினி. உற்சவத்துக்கும் தன் சன்னதி எல்லையைத் தாண்டமாட்டாள். பெருமாள்தான் அவளிடம் வர வேண்டும். பங்குனியில் நம்பெருமாள் ஆயில்யத்தன்று உறையூர் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டருளிவிட்டு வருவார். ஸ்ரீரங்கத்துத் தாயார் உத்திரத்தன்று கதவைச் சாத்திவிடுவாள். வாழை மட்டையாலும் பூவாலும் அடி. நம்மாழ்வார் நடுவே வந்து சமாதானம் செய்து வைத்த பிறகுதான் இரண்டு பேரும் ஒரே ஆசனத்தில் சேர்ந்து சேவை சாதிப்பார்கள். இராமானுசர் தம் கத்யங்களை விண்ணப்பித்தது அந்தப் பங்குனி உத்திரச் சேர்த்தியில்தான் என்பது வைணவ மரபு. கோபத்தை இப்படி ஊரறிய ஒரு திருவிழாவாகவே வைத்திருக்கிற மண் நம்முடையது. சண்டை போட்டுக்கொண்டால் குடும்பம் கெட்டுவிட்டது என்று நினைக்கிற இளசுகளை ஒரு தடவையாவது இந்த மட்டையடிக்குக் கூட்டிவந்து காட்ட வேண்டும்.

திருவானைக்காவுக்குப் போகலாம் என்று நான் சொன்ன வருஷம் எங்கள் வீட்டுக்காரர் கொஞ்சம் தயங்கினார். அங்கே அகிலாண்டேஸ்வரி சிஷ்யை, சுவாமி குரு. அதனால் அந்தக் கோயிலில் திருக்கல்யாண உற்சவம் நடப்பதில்லை. "கல்யாண நாளும் அதுவுமா அங்கயா?" என்றார். கூட்டிப்போனேன். உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை உடுத்தி, கிரீடம் வைத்து, அம்பாளாகவே நடந்து போய் சுவாமிக்குப் பூசை செய்கிறார். அந்தக் கோலத்தைப் பார்த்தபின் அவர் தயக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. ஐப்பசி மழையில் ஜம்புகேஸ்வரர் சன்னதிக்குள் தண்ணீர் நன்றாகவே ஊறியிருந்தது. பஞ்சபூதத் தலங்களில் இது நீர்த்தலம் என்பதைக் கண்ணால் பார்க்க மழைக்காலமே தோது.

முக்கொம்பு எல்லாருக்கும் தெரிந்த இடம், அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கத்தில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போன பிறகு புதுக் கதவணை கட்டியிருக்கிறார்கள். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய் மரத்தடியில் உட்காரத் தோதான இடம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே புளியஞ்சோலை இருக்கிறது. கொல்லிமலையில் ஆகாயகங்கையாக விழுகிற ஐயாறு அந்த வழியாகத்தான் சமவெளிக்கு இறங்குகிறது. பாறைகளுக்கு நடுவே கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஐப்பசியில் நம் தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மலையில் மழை கொட்டியிருக்கும், தண்ணீர் திடீரென்று செம்மண் நிறத்தில் ஏறிவிடும். வனத்துறையினர் இறங்காதே என்றால் இறங்காதீர்கள். எங்களையும் ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். கரையில் நின்று இரைச்சலைக் கேட்டுவிட்டு, வழியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். அந்த நாளும் நல்ல நாளாகத்தான் போனது.

இப்படிப் போகும்போது என்ன பேசுவீர்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். முதல் ஒரு மணி நேரம் வழக்கமான பேச்சுதான். மோட்டார், வெங்காய விலை, மகள் வீட்டுச் செய்தி. மண்ணச்சநல்லூர் தாண்டும்போது அது தீர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் வீட்டில் வராத பேச்சு வரும். கல்யாணத்துக்கு முன்னால் பட்டாளத்தில் சேர ஆசைப்பட்டு, அப்பாவுக்குப் பயந்து திருச்சியிலிருந்து திரும்பி வந்ததை அவர் எனக்குச் சொன்னது ஓடுகிற பஸ்ஸில்தான். அத்தனை வருஷம் கழித்து. பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டபோது நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததை நானும் அன்றைக்குத்தான் சொன்னேன். வீட்டில் இருந்திருந்தால் மாடு கத்தியிருக்கும், யாராவது வாசலில் கூப்பிட்டிருப்பார்கள், பேச்சு அங்கேயே அறுந்திருக்கும்.

அதனால்தான் இருவர் மட்டும் போக வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். கைப்பேசியை மஞ்சப்பையின் அடியில் போட்டுவிடுங்கள். பணமும் பெரிதாக வேண்டாம். அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகிறோம், செலவு செய்கிறோம், உறவெல்லாம் கூடுகிறது. அது வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கும் தம்பதிகள் மணையில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு ஆசீர்வாதம் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேச நேரம் எங்கே?

இந்த வருஷம் மகன், "அம்மா, பஸ்ஸில அலைய வேண்டாம், கார் எடுக்கிறேன், எல்லாரும் சேர்ந்தே போகலாம்" என்றான். ஆசையாகத்தான் சொன்னான். மருமகளும் சரி என்று நின்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்க கல்யாண நாள் வைகாசியில வருது. அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் போங்க. புள்ளைய நான் பாத்துக்கிறேன், மாட்ட அப்பா கறந்துக்குவாரு" என்றேன். மருமகள் முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "எங்க போறதுன்னு நான் சொல்லலாமா அத்த?" என்று என்னைக் கேட்டாள். நீதான் சொல்லணும் என்றேன்.