கொல்லையில் நஞ்சு வேண்டாம்



பரிசளிப்பு நாளில் உங்கள் வீட்டுக் கொல்லையைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

நம் தோட்டங்களில் புல்லுக்கு அடித்துவந்த பாராகுவாட் மருந்துக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை. கலக்காத மருந்து ஒரு மிடறு உள்ளே போனாலே நுரையீரலைக் கெடுத்து உயிரைக் குடிக்கும். முறிவு மருந்து கிடையாது. அது போனாலும் வேறு மருந்துகள் இருக்கின்றன. "மீந்ததுதானே, கீரைப் பாத்தி ஓரம் கொஞ்சம் அடிப்போமே" என்று எதையும் சோடா போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்குப் போத்தல்தான் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது.

பின் புல்லுக்கு என்ன செய்வது? கையால் பிடுங்குங்கள். விதை பிடிக்காத புல்லைக் காயவைத்துப் பாத்தியிலேயே பரப்புங்கள். மண் ஈரம் காக்கும், புதுப் புல்லும் எளிதில் தலைதூக்காது. காய்கறித் தோலையும் காய்ந்த இலையையும் குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள். சில மாதங்களில் எருவாகிவிடும். வெண்டிச் செடியில் அசுவினி கண்டால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். சிரட்டையிலும் பூச்சட்டித் தட்டிலும் நீர் தேங்கவிடாதீர்கள். டிங்கிக் கொசு அங்கேதான் முட்டையிடும்.

மாணவர்களே, இன்றிரவு இதை அம்மா அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் அப்படிப்பட்ட போத்தல் இருந்தால் தொடாதீர்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள். அதுவே நீங்கள் எனக்குத் தரும் பரிசு.