கயவர் என்னும் சொல்லும் அதன் ஆட்சியும்



திருத்த இயலாதவர் எனக் கருதப்படுவோரைச் சுட்டத் தமிழில் வழங்கும் சொற்களுள் தலையாயது 'கயவர்' என்பது. அதனோடு வடிவொத்த 'கய' என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் கூறும் பொருள்களோ பெருமையும் மென்மையுமாம். யானைக்கன்றின் மெல்லிய தலையைச் சங்கப் புலவர் 'கயந்தலை' என்றனர். பெருமைக்கும் கீழ்மைக்கும் ஒரே வடிவம் நிற்பது எண்ணத்தக்கது.

திருக்குறளில் பொருட்பாலின் இறுதியான 108ஆம் அதிகாரம் கயமை. நாலடியாரிலும் அப்பெயரால் ஓர் அதிகாரம் உண்டு. பிற இடங்களில் செய்க, ஒழிக என ஏவும் வள்ளுவர், இங்கு ஓரிடத்தும் 'திருந்துக' என்றாரல்லர். இயல்பை உரைத்து அமைகிறார். அறிவுரை எட்டாத நிலை அது என்பதற்கு அம்மௌனமே சான்று.

எனினும் அவர் இரண்டு வரம்புகளை வைத்தார். கயவர் தோற்றத்தால் மக்களையே ஒப்பர் என்பது ஒன்று. எனவே கயமைக்கு உடலில் அடையாளம் இல்லை; செயலே அடையாளம். அச்சத்தாலும் ஆசையாலும் அவரிடத்தும் சிறிது ஒழுக்கம் தோன்றும் என்பது மற்றொன்று. எனவே கதவு முற்றும் அடைபடவில்லை.

இவ்வரம்புகளை ஆங்கில அரசு மீறியது. 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் ஒருவரின் செயலை ஆராயாது குடிப்பிறப்பையே குற்றமாக்கியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் அக்கொடுமை சென்னை மாகாணத்திற்கும் வந்தது. கைரேகை வைக்கப் பணித்ததால் மக்கள் அதனை 'ரேகைச் சட்டம்' என்றனர். அதனை எதிர்த்தோர் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர்.

வாலாஜாபாத்திற்கு அண்மையிலுள்ள செங்கற்பட்டில் 1887இல் சிறார் சீர்திருத்தப் பள்ளியை நிறுவியதும் அவ்வரசே. குற்றம் புரிந்த சிறுவன் திருந்துவான் என நம்பியவர்கள், குற்றமே புரியாதவனைக் குடியின் பெயரால் ஐயுற்றனர். எத்துணை முரண்!

சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் சட்டம் நீங்கியது. பட்டியலில் இருந்தோர் இன்று 'சீர்மரபினர்' எனப்படுகின்றனர். சட்டத்தை நீக்க ஓர் ஆணை போதும். நாவில் ஏறிய பழிச்சொல்லை நீக்க ஆணை போதாது. அது புலவர் கடன்.

'கயவர்' என்னும் சொல்லை அகராதியிலிருந்து அகற்ற வேண்டுவதில்லை. வஞ்சிப்பவனையும் எளியோரை நசுக்குபவனையும் சுட்ட அச்சொல் வேண்டும். ஆனால் அது ஒருவன் செய்த செயலின்மேல் நிற்கட்டும். அவன் பிறந்த குடியின்மேல் ஒருபோதும் விழாதிருக்கட்டும். அதுவே வள்ளுவர் வகுத்த சொல்லாட்சி.

வாழ்க தமிழ்!