எந்தப் பாடம் பிடிக்கும்னு கேளுங்க



விழுப்புரம் ரயில்வே ஊழியர் மகன் வீரமுத்துவேல், ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, பிறகுதான் பொறியியல் படித்தார். 2023 ஆகஸ்ட் 23-ல் நிலாவில் இறங்கிய சந்திரயான்-3க்கு அவர்தான் திட்ட இயக்குநர்.

பத்தாவது படிக்கிற பிள்ளைகிட்ட மார்க்கை மட்டும் கேட்காதீங்க. எந்தப் பாடம் பிடிக்கும்னும் கேளுங்க. ஒரு பிள்ளைக்கு வாய்விட்டுப் படிக்கப் பிடிக்கும். இன்னொண்ணுக்கு எழுதிப் பார்க்கப் பிடிக்கும். இன்னொண்ணுக்குக் கழற்றி மாட்டிப் பார்க்கப் பிடிக்கும். அது பெண்பிள்ளையா இருந்தாலும் பாலிடெக்னிக் அனுப்புங்க. டிப்ளமோ முடிச்சா பி.இ. இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரி இருக்கு. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

பத்தாவதோட நிறுத்திட்டு மாப்பிள்ளை பார்க்காதீங்க.