சுறா என்னும் சொல்

சுறா என்பது தமிழிற் பழைமை வாய்ந்ததொரு சொல். ஆண் சுறாவை 'ஏறு' என்று வழங்குதல் மரபெனத் தொல்காப்பிய மரபியல் கூறுகின்றது. அந்நூலின் பொருளதிகாரத்தை 1885ஆம் ஆண்டில் அச்சேற்றியவர், யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை.

சுறவு, சுறவம் எனவும் இச்சொல் வழங்கும். மகர இராசிக்குச் சுறவம் என்று பெயருண்டு. காமனும் சுறவக்கொடியோன் எனப்பட்டான். பட்டினப்பாலை காட்டும் பரதவர், சுறவின் கோட்டை நட்டு அதில் தெய்வத்தை ஏற்றி வழிபட்டனர். வாள்போன்ற அக்கோடு வேளாமீனுடையது என்பர். அம்மீனோ, உயிர்நூலார் கணிப்பில் திருக்கையினத்தைச் சார்ந்தது. பெயர் சுறா, பிறப்புத் திருக்கை!

ஆங்கிலத்தில் இம்மீனின் பெயர் கொடுவட்டி வாங்குவோனுக்கு வசையாயிற்று. யாழ்ப்பாணத்திலோ அது தாய்மையோடு இணைந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் பெருகுமென்று பாற்சுறாவைச் சமைத்துக் கொடுப்பர். சுறாவை அவித்துத் தோல் நீக்கி, உதிர்த்த தசையைத் தேங்காய்ப்பூவோடு வறுத்தெடுப்பதே சுறா வறை.

சொல் வாழ்கின்றது, மீனோ அருகுகின்றது. பெருங்கடற் சுறாக்களும் திருக்கைகளும் 1970 முதல் 71 விழுக்காடு குறைந்தனவென 2021இல் ஆய்வாளர் கணக்கிட்டனர். சுறா பருவமெய்தப் பல ஆண்டுகள் செல்லும். ஈனுங் குட்டிகளும் பெரும்பாலும் சிலவே. ஆதலால் இழந்த தொகையை அது விரைவில் ஈடுசெய்ய இயலாது. வால் நீண்ட சுறாக்களைப் பிடித்தலை இலங்கை 2012இல் தடைசெய்தது. எனினும், சட்டம் கரையில் நிற்பது; வலை கடலில் விழுவது. அடுப்படியில் வாழும் இச்சொல் அகராதியில் மட்டும் எஞ்சாதிருத்தல், வலையிற் சிக்கிய குட்டிச் சுறாவை மீண்டும் நீரில் விடும் கைகளையே பொறுத்தது.