யார் சொல்லைக் கேட்பது?

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

உழைப்பவனுக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. கடைக்காரர் ஒன்று சொல்வார். அதிகாரி ஒன்று சொல்வார். அண்டை வீட்டார் வேறொன்று சொல்வார். எல்லோர் சொல்லையும் கேட்பவன் எவ்வேலையையும் முடிக்க மாட்டான். எவர் சொல்லையும் கேளாதவனோ தொடங்கிய வேலையைக் கெடுத்துக்கொள்வான். திருவள்ளுவர் ‘அறிவுடைமை’க்கு முன்னே ‘கேள்வி’யை வைத்தார்; ‘பெரியாரைத் துணைக்கோட’லை அடுத்துச் ‘சிற்றினம் சேராமை’யை வைத்தார். கேட்கவும் வேண்டும், ஆளறிந்து கேட்கவும் வேண்டும்.

நம் வட்டவடையையே எடுத்துக்கொள்வோம். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டித் திருத்தி முன்னோர் வேளாண்மை செய்தனர். பின்னாளில் அந்நிலங்கள் பலவற்றில் கிராண்டிஸ் மரம் ஏறிற்று. ‘நட்டால் போதும், களையெடுப்பும் இல்லை, காவலும் இல்லை, சில ஆண்டுகளில் மொத்தமாகப் பணம்’ என்னும் சொல் இனித்தது. அதில் பொய்யில்லை, சொல்லாமல் விட்டது உண்டு. அம்மரம் நீரை மிகுதியாக உறிஞ்சும். வெட்டினாலும் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். வாங்கியவர் மரத்தோடு மலையிறங்கிவிட்டார். மெலிந்த ஊற்றும் வேரோடிய கட்டையும் நிலத்துக்காரனுக்கு மிஞ்சின. மீண்டும் காய்கறி பயிரிட விரும்பியவர்கள் கட்டைகளைத் தோண்டியெடுக்கவும் செலவிட நேர்ந்தது.

ஆதலின் அறிவுரை கூறுவோரிடம் இரண்டைப் பார்க்க வேண்டும். அவர் சொன்னபடி செய்து நாம் தோற்றால் அவருக்கு இழப்பு உண்டா? அச்செயலில் உள்ள தீமையைக் கேட்டால் மறையாமல் சொல்கிறாரா?

விதையும் உரமும் கடனாகத் தந்து விளைச்சலை வாங்கிக்கொள்ளும் வணிகர் நமக்குப் பகைவர் அல்லர். சந்தை நிலவரம் அவர் அறிந்த அளவு நாம் அறியோம். அதனை அவரிடம் கேட்போம். எவ்வளவு உரம் இடுவது என்பதையும் அவரிடமே கேட்கலாமா? உரம் விற்பவரும் அவரே அன்றோ?

பழமையை மட்டும் கேளுங்கள் என்றும் நான் கூறவில்லை. நம் மலைப்பூண்டின் காரமும், நெடுநாள் கெடாத தன்மையும் நம் முதியோர் நெடுங்காலமாக அறிந்தவை. எனினும் 2022-23ஆம் ஆண்டில் காந்தல்லூர்-வட்டவடைப் பூண்டு புவிசார் குறியீடு பெறுவதற்குக் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் துணைநின்றனர். முதியோர் பட்டறிவும் கற்றோர் ஆராய்ச்சியும் ஒன்றன் சொல்லை ஒன்று கேட்டதால் வந்த பெருமை அது.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஊற்று மெலிவதைக் குடம் எடுத்துச் செல்லும் பெண்கள் முதலில் அறிவர். கடன் பெருகினால் அடுப்படியில் அதனைத் தாங்குபவரும் அவர்களே. நம் இழப்பில் அவர்களைவிடப் பங்கு உடையவர் யார்? ஆயினும் நிலத்தில் எதை நடுவது என்று முடிவு செய்யும்போது அவர்களைக் கேட்கும் வீடுகள் எத்தனை?

அடுத்த பட்டத்திற்குக் கடனுக்கு விதை வாங்கக் கையெழுத்திடுமுன், தொலைவிலிருந்து வந்தவர் சொல்லோடு வீட்டிலிருப்பவர் சொல்லையும் கேட்டுச் செய்யுங்கள் என வேண்டி அமைகிறேன்.