இரண்டு கூடையிலும் சேராதவை
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மக்கும் குப்பைக்குப் பச்சைக் கூடை, மக்காத குப்பைக்கு நீலக் கூடை என்று நம் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். தீர்ந்துபோன பேட்டரி, ஃபியூஸ் போன சிஎஃப்எல் பல்பு, காலாவதியான மாத்திரை, பூச்சிமருந்து டப்பா, ஊசி ஆகியவை எந்தக் கூடைக்கு? இரண்டுக்கும் இல்லை. இவற்றை வீட்டு அபாயக் கழிவு எனத் தனியே பிரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறிவிட்டன. நகரங்களில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வேண்டும் என்றும் அவை கூறின.

காரணம் எளிது. சிஎஃப்எல் பல்பில் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடைந்தால் அது ஆவியாகி மூச்சில் கலக்கும். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கலாம். திறந்து கிடக்கும் ஊசி, குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும். அவருடைய பிள்ளை நம் வகுப்பில்தான் படிக்கிறது.

இவற்றைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். வீட்டில் உள்ளதைப் பட்டியலிடச் சொல்லுங்கள், போதும். பேட்டரி முனைகளில் டேப் ஒட்டுவதும், ஊசியைக் கெட்டியான டப்பாவில் போட்டு மூடுவதும் பெரியவர்கள் வேலை. வகுப்பில் பல்பு உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் அட்டையால் அள்ளுங்கள். எதையும் எரிக்க வேண்டாம்.

பட்டியல்களைத் தொகுத்தால் நல்ல கணக்குப் பாடம் கிடைக்கும். அதையே கிராம சபையில் வைத்து, “இவற்றை எந்த நாளில், எங்கே வாங்கிக்கொள்வீர்கள்?” என்று கேட்கலாம். பதில் வரும்வரை கேட்போம்.