வால்வு டியூபும் தீக்குச்சியும்

முழுப்பரீட்சை முடிந்த நாலாம் நாளே வீட்டில் பல்லவி தொடங்கிவிடும்: "அம்மா, போரடிக்குது!" அந்தப் பிள்ளையை சைக்கிள் கடைக்கு அனுப்பி, ஒரு முழம் வால்வு டியூப் வாங்கிவரச் சொல்லலாம்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா 1978இல் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதிக்கு, கிராமப் பள்ளிகளில் நடந்த அறிவியல் திட்டத்துக்குப் போனார். அங்கே அவர் கையில் எடுத்தது இந்த டியூபைத்தான். அதைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை இருபக்கமும் செருகினால் முக்கோணம் வரும், சதுரம் வரும். சதுரத்தை லேசாக அழுத்தினால் சாய்ந்துவிடும். முக்கோணமோ அசைந்துகொடுக்காது! மின்கோபுரத்தில் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்பது பிள்ளையின் விரலுக்கே புரிந்துவிடுகிறது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நுங்கு வண்டி உண்டு. சுளையை நோண்டித் தின்றபின் மிஞ்சும் இரண்டு மட்டைகளை ஒரு குச்சியால் கோத்து, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு ஓடலாம். காசு செலவே இல்லை.

கூட்டாளிகளோடு கற்க வேண்டுமா? தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. 5 முதல் 16 வயதுவரை சேரலாம். ஓவியம், பாட்டு, பரதம் சொல்லித்தருகிறார்கள். கோடையில் தனிப்பயிற்சியும் நடக்கும். சேர்க்கை விவரத்தை அந்தந்த மாவட்ட மன்றத்திலேயே நேரில் கேட்டுக்கொள்ளலாம்.